"ஐ ஆம் ஹேவிங்" ஏன் தப்பு? சிம்பிள் எங்க, இங் எங்க

கேள்வி, ஏப்ரல் 7, ராத்திரி 10.15

போன வாரம் ஒரு கம்பெனில இன்டர்வியூ. உங்களைப் பத்தி சொல்லுங்கன்னாங்க, "ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்"னு ஆரம்பிச்சேன், எதிர்ல உக்காந்திருந்தவரு பக்கத்துல இருந்த மேடத்தைப் பாத்து சிரிச்சாரு. அதுக்கப்புறம் எனக்கு வாயே வரல. வெளிய வந்து நிக்கிறேன், அதே ஆளு ஃபோன்ல "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்"னு சொல்லிக்கிட்டு போறாரு. அவரு சொன்னா சரி, நான் சொன்னா தப்பா? இப்ப நடக்குறதுக்கு இங், தினமும் நடக்குறதுக்கு சிம்பிள், இதான ஸ்கூல்ல சொன்னாய்ங்க. என் அனுபவம் இப்ப இந்த நிமிஷம் என்கிட்ட இருக்கே, அப்ப இங் தான வரணும்? மதுரைப் பக்கம் யாராச்சும் சொல்லிக் குடுக்குறவங்க இருந்தா விளக்கமா எழுதுங்க.

ஏப்ரல் 7, ராத்திரி 11.05

தம்பி, வேலை கேட்டு வந்த பிள்ளையைப் பாத்து சிரிச்சது அவரு மேல தப்பு, அதை முதல்ல மனசுல இருந்து தூக்கிப் போடுங்க.

லஞ்ச் "ஹேவிங்"ல இருக்குற ஹேவ் வேற, அனுபவத்து ஹேவ் வேற. முதல் ஹேவுக்கு அர்த்தம் சாப்பிடுறது. சாப்பாடு ஒரு மணிக்கு ஆரம்பிக்கும், ஒன்னே காலுக்கு பாதி இலை காலியாகியிருக்கும், ஒன்னரைக்கு கை கழுவியாச்சு. நடுவுல ஃபோன் வந்தா பாதில நிறுத்தலாம். அனுபவத்தை அப்படி பாதில நிறுத்த முடியுமா? ஒன்னே காலுக்கு உங்க அனுபவம் எம்புட்டு முடிஞ்சிருக்குன்னு யாராச்சும் கேப்பாங்களா? அது நீங்க செய்யுற வேலை இல்ல, உங்ககிட்ட இருக்குற ஒன்னு. அதனால "ஐ ஹேவ்".

"இப்ப" அப்படிங்கிற வார்த்தைதான் உங்களைக் கவுத்துவிட்டது. இங்குக்கு "இப்ப" மட்டும் பத்தாது. இப்ப நடக்கவும் செய்யணும், நாம அதோட நடுவுல நிக்கவும் செய்யணும்.

நான் செல்லூர்ல வீட்டு முன் ரூம்ல சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன், 19 வருஷமாச்சு. இந்த ஒரு விஷயத்துல நான் பாத்த கண்ணீர் கொஞ்சம் இல்ல. நாளைக்கு மிச்சம் எழுதுறேன்.

ஏப்ரல் 8, காலை 6.20

காபி போட்டுக்கிட்டே யோசிச்சேன். இதுக்கு தமிழ்லயே ஒரு சாவி இருக்கு, பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்றது.

தமிழ் வாக்கியம் "நான்"ல ஆரம்பிக்குதா "எனக்கு"ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. எனக்கு தெரியும், எனக்கு புரியுது, எனக்கு பிடிக்கும், எனக்கு வேணும், எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, எனக்கு சொந்தம். இதை வரிசையா இங்கிலீஷ்ல போடுங்க. நோ, அண்டர்ஸ்டேண்ட், லைக், வாண்ட், ரிமெம்பர், ஹேவ், பிலாங். ஒன்னுலயும் இங் வராது. இங்கிலீஷ் புத்தகத்துல "ஸ்டேட்டிவ் வெர்ப்"னு, அதாவது நிலையைச் சொல்ற வினைன்னு, ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்றாய்ங்களே, அதுல பாதி நம்ம வாயில ஏற்கனவே "எனக்கு"ன்னு உக்காந்திருக்கு. நாம போய் செய்யுறதுக்கு நான், நம்மகிட்ட வந்து நிக்கிறதுக்கு எனக்கு. இந்த வித்தியாசம் படிக்காத ஆச்சிக்கும் பிசகாது.

உங்க வாக்கியம் தமிழ்ல என்ன? "எனக்கு மூணு வருஷ அனுபவம் இருக்கு." எனக்கு. அவ்வளவுதான்.

ஏப்ரல் 8, ராத்திரி 9.30

ஒரு அண்ணன் கேட்டிருக்காரு, "எனக்கு வேர்க்குது"ன்னா "ஐ ஸ்வெட்"டான்னு. இல்லண்ணே, "ஐ ஆம் ஸ்வெட்டிங்". நான் காலைல எழுதுனதுல அந்த ஓட்டை இருக்கு, ஒத்துக்கிறேன். உடம்புக்கு நடக்குறதுக்கும் தமிழ்ல எனக்குதான் வரும். வேர்க்குது, குளிருது, வலிக்குது, பசிக்குது. இதுல இங்கிலீஷ் ஒவ்வொன்னுக்கும் ஒரு வழி போகுது. வலிக்கு "இட் ஹர்ட்ஸ்"னும் சொல்லலாம், "இட் இஸ் ஹர்ட்டிங்"னும் சொல்லலாம், பசிக்கு அன்றாடப் பேச்சுல வினையே கிடையாது, "ஐ ஆம் ஹங்ரி"தான். அதே மாதிரி எதிர்ப்பக்கமும் ஓட்டை உண்டு. "நான் நம்புறேன்", "நான் வெறுக்கிறேன்" ரெண்டுலயும் நான் இருந்தாலும் "ஐ பிலீவ்", "ஐ ஹேட்"தான்.

அதனால எனக்கு-சாவியை மனசு சம்பந்தப்பட்டதுக்கும் கையில இருக்குறதுக்கும் மட்டும் போடுங்க. உடம்புக்கு போடாதீங்க.

ஏப்ரல் 9, மதியம் 2.40

இந்தக் குழப்பம் எங்க ஆரம்பிக்குதுன்னு கேட்டா நான் அந்த டென்ஸ் அட்டவணையைத்தான் கைகாட்டுவேன். நான் படிச்சப்பவும் அதே அட்டவணை, என் மகன் படிச்சப்பவும் அதே. "நான் போகிறேன், ஐ கோ. நான் போய்க்கொண்டிருக்கிறேன், ஐ ஆம் கோயிங்." எல்லாத்துக்கும் அஸ்திவாரம்னு இதைத்தான் வைக்கிறாய்ங்க, அஸ்திவாரத்துலயே கல்லு மாறி இருக்கு.

நம்ம வீட்டுல "கடைக்கு போறேன், ஏதாச்சும் வேணுமா"ன்னு சொல்றோம். அது ஐ கோ-வா? செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிற ஆளு சொல்றது அது, "ஐ ஆம் கோயிங் டு த ஷாப்". "அடுத்த வாரம் சென்னை போறேன்", அதுவும் "ஐ ஆம் கோயிங்". அப்ப தினமும் செய்யுறதுக்கு நாம என்ன சொல்றோம்? "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், வாசல் தெளிப்பேன், ஆறு மணிக்கு காபி குடிப்பேன்." பேன், வான், ஊம். இலக்கணத்துல எதிர்காலம்னு எழுதியிருக்கும், ஆனா பழக்கத்தை சொல்றதுக்கும் அதுதான் வருது. அப்ப "ஐ கெட் அப் அட் ஃபைவ்"க்கு சரியான தமிழ் "எந்திரிப்பேன்". அட்டவணையில அதுக்கு பக்கத்துல "வில் கெட் அப்"னு போட்டிருக்கு. அதனாலதான் நம்ம பிள்ளைங்க "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்"னு சொல்றது. இதுல பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல, தமிழ்ல ஒழுங்காத்தான் யோசிக்குது, அட்டவணைதான் தப்பான கதவுல கொண்டு போய் விடுது.

கோவமா எழுதுறேன்னு தெரியுது. இருக்கட்டும். இப்ப இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல்ல அழிச்சுட்டுத்தான் எழுத வேண்டியிருக்கு.

ஏப்ரல் 11, காலை 8.10

காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போயிருந்தேன், வீட்டுல ஒரு விசேஷம். அங்க நின்னப்ப இந்த இழைதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது.

பூக்காரரு ஈரச் சாக்கைப் பிரிச்சு மொட்டை ரெண்டு கையாலயும் அள்ளி எலக்ட்ரானிக் தராசு மேல கொட்டுறாரு, நம்பர் ஓடி ஓடி ஒரு இடத்துல நிக்குது. நிக்கிற வரைக்கும் அவரு எடை போட்டுக்கிட்டு இருக்காரு, "ஹி இஸ் வேயிங் த ஃப்ளவர்ஸ்". நின்ன பிறகு பூ ரெண்டு கிலோ இருக்கு, "த ஃப்ளவர்ஸ் வே டூ கிலோஸ்". ரெண்டுக்கும் ஒரே வே. மனுஷன் செய்யுற வே-க்கு இங் உண்டு, பூவுக்கு இருக்குற வே-க்கு இங் கிடையாது. தமிழ்ல ரெண்டு வார்த்தை இருக்குறதால நமக்கு குழப்பமே வராது, எடை போடுறது ஒன்னு, எடை இருக்குறது ஒன்னு.

பக்கத்துல ஒரு அம்மா ஒரு கை மொட்டை எடுத்து மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தாங்க. "ஷி இஸ் ஸ்மெல்லிங் த ஜாஸ்மின்." பூ மணக்குது, "த ஜாஸ்மின் ஸ்மெல்ஸ் லவ்லி". குழம்பு ருசியா இருக்கு, டேஸ்ட்ஸ். அம்மா உள்ளங்கைல விட்டு ருசி பாக்குறாங்க, இஸ் டேஸ்டிங். மலை தெரியுது, ஐ சீ. நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறேன், ஐ ஆம் சீயிங். அது சரின்னு நினைக்கிறேன், ஐ திங்க். நகையை விக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஐ ஆம் திங்கிங்.

இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை ரெண்டு வேலை பாக்குற எடத்துல எல்லாம் தமிழ்ல கிட்டத்தட்ட ரெண்டு வார்த்தை இருக்கு. உங்க ஹேவ் கூட அதே கதைதான், இருக்கு ஒன்னு, சாப்பிடுறது ஒன்னு. எந்த ஹேவ்னு சந்தேகம் வந்தா தமிழ்ல சொல்லிப் பாருங்க.

மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அந்த வாசனைக்கு அது வேணும்தான்.

ஏப்ரல் 12, ராத்திரி 10.00

"அப்ப மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்துல 'ஐ ஆம் லவிங் இட்'னு போட்டிருக்கே"ன்னு மூணு பேரு கேட்டாச்சு. 2003ல இருந்து அந்த வாசகம் ஓடுது. லவ் மனசுல இருக்குறது, சாதாரணமா "ஐ லவ் இட்"தான். இங் போட்டா இந்தக் கடி, இந்த நிமிஷம், சூடு ஆறுறதுக்குள்ள அனுபவிக்கிறேன்னு ஆகுது. விளம்பரத்துக்கு அது பொருந்துது. கல்யாண மேடைல "ஐ ஆம் லவிங் யூ"ன்னு சொன்னா இன்னைக்கு மட்டுமான்னு பொண்ணு கேக்கும்.

ஏப்ரல் 14, மாலை 4.30

இன்னைக்கு புத்தாண்டு, பழைய மாணவி ஒரு பொண்ணு வெளிநாட்டுல இருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு. நர்ஸ். அது சொன்னதை எழுதலாமான்னு கேட்டேன், எழுதுங்க மிஸ்னு சொல்லிருச்சு.

போன புதுசுல ஒரு பெரியவரை அட்மிஷன் பண்றாங்க, இந்தப் பொண்ணு கேள்வி கேட்டு ஃபார்ம் நிரப்பணும். "ஆர் யூ ஸ்மோக்கிங்?"னு கேட்டிருக்கு. அவரு கையை விரிச்சுக் காட்டி "நோ"ன்னு சொல்லியிருக்காரு. இது "இல்லை"ன்னு டிக் போட்டிருச்சு. கொஞ்ச நேரத்துல சீனியர் நர்ஸ் வந்து "டூ யூ ஸ்மோக்?"னு கேட்டா "40 வருஷமா, தினம் ஒரு பாக்கெட்"ங்கிறாரு. அவரு பொய் சொல்லல. படுக்கைல கிடக்கும்போது இப்ப சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களான்னு ஒரு பிள்ளை கேக்குது, இல்லன்னாரு. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டருக்கு அந்த ஒரு பதில் எம்புட்டு முக்கியம், புகை பிடிக்கிறவங்களுக்கு மயக்க மருந்து குடுக்கும்போது நுரையீரல்ல பிரச்சினை வர வாய்ப்பு கூடுதல். சீனியர் வந்ததால தப்பிச்சது.

எனக்கு இதைக் கேட்டதும் வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா நான் சொல்லிக் குடுத்த பொண்ணு அது. அப்ப நான் அட்டவணையை அப்படியே போர்டுல எழுதிப் போட்டுக்கிட்டு இருந்த காலம்.

இதையே ராஜாஜி ஆஸ்பத்திரில ஒரு தாத்தாகிட்ட தமிழ்ல கேட்டா அந்தப் பொண்ணு என்ன கேட்டிருக்கும்? "தாத்தா, பீடி சிகரெட் பிடிப்பீங்களா?" பிடிப்பீங்களா. "பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களா"ன்னு எந்த நர்ஸும் கேக்க மாட்டாங்க. தமிழ்ல துல்லியமா தெரிஞ்ச விஷயம் இங்கிலீஷ்ல போறப்ப மட்டும் கை நழுவுது. பிடிப்பீங்களா, குடிப்பீங்களா, சாப்பிடுவீங்களா எல்லாம் "டூ யூ". இதை மட்டும் யாரும் மறக்காதீங்க.

ஏப்ரல் 15, ராத்திரி 9.15

இன்னைக்கு சாயங்காலம் கரண்ட் போச்சு. எங்க பக்கத்து வீடு விசைத்தறி, அந்தச் சத்தத்துக்கு மேல கத்தித்தான் 19 வருஷமா பாடம் எடுக்குறேன், திடீர்னு நின்னதும் பிள்ளைங்க எல்லாம் தலையைத் தூக்கி "மிஸ், தறி ஓடல"ன்னாங்க. அந்த வீட்டுத் திண்ணைல ஒரு பழைய கைத்தறி கிடக்கு, பாவு கிடையாது, மிதிகட்டை ஒடஞ்சு போச்சு. அதைக் காட்டி "அந்தத் தறி?"ன்னு கேட்டேன். "அது ஓடாது மிஸ்."

ஓடல, ஓடாது. பாடம் அங்கயே முடிஞ்சது. "இட் இஸ்ன்ட் ரன்னிங்", கரண்ட் வந்தா ஓடும். "இட் டஸ்ன்ட் ரன்", அதோட நிலைமையே அதுதான். குழாய்ல தண்ணி வரல, இஸ்ன்ட் கமிங். இந்தக் குழாய்ல தண்ணி வராது, டஸ்ன்ட் கம். அவன் பேசல, கோவமா இருக்கான். அவன் பேச மாட்டான், சுபாவம். எதிர்மறையா மாத்திப் பாத்தா நேர் வாக்கியத்தை விட சுலபமா பிடிபடுது, ஏன்னா நேர்ல "ஓடுது"ங்கிற ஒரே வார்த்தை ரெண்டுக்கும் வந்துரும், எதிர்மறைல தமிழ் விட்டுக்குடுக்காது.

ஒரு இடத்துல இது கைவிடும். "புரியல." ல-வுல முடியுது, ஆனா "ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்"தான். "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டேண்டிங்"னு கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க சொல்றதுக்கு காரணம் அந்த ல-தான்னு எனக்கு தோணுது. அங்க எனக்கு-சாவி காப்பாத்தும், எனக்கு புரியல. ரெண்டையும் சேத்துப் போட்டுப் பாருங்க.

ஏப்ரல் 16, காலை 7.05

பஸ்ஸுக்கும் இதேதான். "இது மாட்டுத்தாவணி போகுமா?" டஸ் திஸ் பஸ் கோ. "பஸ் எங்க போய்க்கிட்டு இருக்கு, சிம்மக்கல் தாண்டிருச்சா?" இஸ் கோயிங். போகுமா டஸ், போய்க்கிட்டு இஸ்.

ஏப்ரல் 19, ராத்திரி 8.50

இதுவரைக்கும் இங் கூடுதலா போடுற தப்பையே எழுதிக்கிட்டு இருக்கேன். போட வேண்டிய எடத்துல போடாத தப்பும் நம்மகிட்ட இருக்கு, அதை யாரும் பேசுறதே இல்ல.

ஒரு படத்தைக் காட்டி சொல்லச் சொன்னா நம்ம பிள்ளைங்க "ஹி ஹேஸ் வோர்ன் எ ரெட் ஷர்ட்"னு சொல்லும். ஏன்னா தமிழ்ல "சிவப்புச் சட்டை போட்டிருக்கான்". போட்டாச்சு, போட்டபடி இருக்கான். தமிழுக்கு சட்டை போடுறது ஒரு நிமிஷ வேலை, பட்டன் மாட்டுனதும் முடிஞ்சுருது, அதுக்கப்புறம் இருக்கான். இங்கிலீஷுக்கு சட்டை உடம்புல இருக்குற நேரம் பூரா "வேரிங்". "திண்ணைல உக்காந்திருக்கான்", முடிஞ்ச வேலை மாதிரி சொல்றோம், இங்கிலீஷ்ல "இஸ் சிட்டிங்". "சைக்கிளைப் பிடிச்சிருக்கான்", "இஸ் ஹோல்டிங்". "படுத்திருக்கான்", "இஸ் லையிங்". "சாஞ்சிருக்கான்", "இஸ் லீனிங்".

உடம்பு ஒரு நிலைல இருக்குறதை நாம இருக்கான்னு முடிக்கிற எடத்துல எல்லாம் அங்க இங் வருது. இங் வந்தா அசையணும், ஓடணும்னு நினைக்காதீங்க. அசையாம உக்காந்திருக்குறதுக்கும் இங் உண்டு, ஏன்னா எந்திரிச்சுப் போயிருவான், தற்காலிகம். சிலைக்கும் மலைக்கும் பாருங்க. "யானைமலை ஒத்தக்கடைகிட்ட இருக்கு", "யானைமலை ஸ்டேண்ட்ஸ் நியர் ஒத்தக்கடை". மலை எந்திரிச்சுப் போகாது. ஒத்தக்கடைல பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு, "இஸ் ஸ்டேண்டிங்".

வாடகை வீட்டுக்கும் இதேதான். "ஐ லிவ் இன் செல்லூர்", இது என் ஊரு. "ஐ ஆம் லிவிங் இன் செல்லூர்", இப்போதைக்கு. பேங்க் ஃபார்ம் நிரப்புறப்ப யோசிச்சு எழுதுங்க.

ஏப்ரல் 20, ராத்திரி 10.40

கடந்தகாலம் கேட்ட தம்பிக்கு. எங்க தெருவுல ஒருத்தரு ரோடு தாண்டுறப்ப பைக்ல வந்தவன் இடிச்சுட்டான், கால் எலும்பு முறிவு. இன்சூரன்ஸ் கிளைமுக்கு இங்கிலீஷ்ல எழுதி வந்து என்கிட்ட காட்டுனாரு. "ஐ கிராஸ்ட் த ரோட் வென் த பைக் ஹிட் மீ." நான் பதறிப் போயி அங்கயே பேனா எடுத்து மாத்துனேன். "கிராஸ்ட்"னா தாண்டி முடிச்சாச்சு. அந்த வாக்கியத்தைப் படிக்கிறவரு பைக் இடிச்சப்புறம் தாண்டுனாருன்னு கூட எடுத்துக்கலாம். "ஐ வாஸ் கிராஸிங்", தாண்டிக்கிட்டு இருந்தேன், நடு ரோட்டுல இருந்தேன், அந்தக் கரைக்கு போய்ச் சேந்தேனா இல்லையான்னு இந்த வினை சொல்லாது, அடுத்த வாக்கியம்தான் சொல்லணும்.

காமராஜர் பல்கலைக்கழகத்துல அஞ்சல் வழில எம்.ஏ. படிச்சப்ப ஜீனோ வெண்ட்லர்னு ஒருத்தரு 1957ல எழுதுன கட்டுரையைப் பத்தி படிச்சேன். வினைகளை நாலு வகையா பிரிக்கிறாரு. தெரியுறது மாதிரி நிலை. நடக்குறது, ஓடுறது மாதிரி எல்லை இல்லாத வேலை. ரோடு தாண்டுறது, வீடு கட்டுறது மாதிரி ஒரு முடிவை நோக்கிப் போற வேலை. கண்டுபிடிக்கிறது, ஜெயிக்கிறது மாதிரி ஒரு நொடில நடந்துருறது. "நடந்துக்கிட்டு இருந்தேன்"னா நடந்தாச்சுன்னு தைரியமா சொல்லலாம். "தாண்டிக்கிட்டு இருந்தேன்"னா தாண்டியாச்சுன்னு சொல்ல முடியாது. வீடும் அப்படித்தான், கட்டிக்கிட்டு இருந்தோம்னு சொல்றவங்க எல்லாம் பால் காய்ச்சுனவங்க இல்ல. பரீட்சைக்கு படிச்சதை நான் முதல்முதலா வாழ்க்கைல பாத்தது அந்த இன்சூரன்ஸ் பேப்பர்லதான்.

ஏப்ரல் 23, மாலை 5.30

"இந்தியன் இங்கிலீஷ்னு ஒன்னு இருக்கு, ஐ ஆம் ஹேவிங் அதுல சரிதான், வெள்ளைக்காரன் மாதிரி எதுக்கு பேசணும்"னு ஒரு அக்கா எழுதியிருக்காங்க. அக்கா, நான் இதை நிறைய யோசிச்சிருக்கேன், லேசா பதில் சொல்ல முடியல.

இந்த இங் அங்கயே நிலையா இருந்ததில்லங்கிறது உண்மை. ஷேக்ஸ்பியர் நாடகத்துல ஹேம்லெட் கையில புத்தகத்தோட வர்றான், பொலோனியஸ் கேக்குறாரு, "வாட் டூ யூ ரீட், மை லார்ட்?" இன்னைக்குன்னா "வாட் ஆர் யூ ரீடிங்". 1600 வாக்குல அப்படிக் கேட்டா ஒரு தப்பும் இல்ல. "வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க"ங்கிறதுக்கு முன்னாடி "த ஹவுஸ் இஸ் பில்டிங்"னு சொல்லியிருக்காங்க, "இஸ் பீயிங் பில்ட்" 18ஆம் நூற்றாண்டு கடைசிலதான் புழக்கத்துக்கு வந்தது, அடுத்த நூறு வருஷம் இலக்கணக்காரங்க அதை அசிங்கம்னு திட்டியிருக்காங்க. இன்னைக்கு அதைத்தான் நாம பரீட்சைல எழுதுறோம். அதனால "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்"னு என் கிளாஸ்ல ஒரு பிள்ளை கேட்டா நான் இப்ப சந்தேகத்துக்குத்தான் முதல்ல பதில் சொல்றேன்.

முன்ன அப்படி இல்ல. வாயைத் திறந்ததும் திருத்துவேன். ஒரு பொண்ணு, எட்டாவது, நல்லா பேசிக்கிட்டு இருந்தது, நான் ஒரே நாள்ல நாலு தடவை திருத்துனேன், அதுக்கப்புறம் மூணு மாசம் அது இங்கிலீஷ்ல வாயே திறக்கல. நோட்டுல எழுதும், பேசாது. அந்த மூணு மாசம் எனக்கு இப்பவும் உறுத்துது.

ஆனா அக்கா, வேலை குடுக்குறவன் மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கான், இந்தத் தம்பியைப் பாத்து சிரிக்கிறான். சரியோ தப்போ அந்த இங்லதான் சம்பளம் தொங்குது. அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வேணும்னா விடட்டும், தெரியாததால தோக்கக் கூடாது.

ஏப்ரல் 24, காலை 6.45

நேத்து எழுதாம விட்டது. "ஐ ஆம் ரெக்வஸ்டிங் யூ டு கிராண்ட் லீவ்"னு லீவ் லெட்டர்ல எழுதாதீங்க, "ஐ ரெக்வஸ்ட்". தமிழ்ல "கேட்டுக்கொள்கிறேன்". அதுல கொள் இருக்குறதால "கொண்டிருக்கிறேன்"னு மயங்கி இங் போட்டுருறாங்கன்னு நினைக்கிறேன். சொல்றதே செய்யுறதா இருந்தா சிம்பிள்தான், ஐ ப்ராமிஸ், ஐ அப்பாலஜைஸ், ஐ ரெக்வஸ்ட். சொல்லி முடிச்சதும் வேலை முடிஞ்சது, நடுவுல நிக்க எடம் இல்ல.

அதே லெட்டர்ல "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" இருக்கே, தலைமுறை தலைமுறையா எழுதுறோமே, அது சரி. காய்ச்சல் வரும், போகும்.

கேக்குறதை மெதுவா கேக்கணும்னா மட்டும் இங் உதவும். "ஐ வாஸ் ஹோப்பிங்". நம்ம "கேக்கலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்"ல இருக்குற அதே தயக்கம்.

ஏப்ரல் 27, ராத்திரி 9.00

ஒரு பையன் கேட்டான், தினமும் செய்யுறதுக்கு சிம்பிள்னு சொன்னீங்களே, அப்ப "ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மை பைக்" எப்படின்னு. தம்பி, அது குறை சொல்றது. "எப்பப் பாத்தாலும் என் வண்டியைக் கேட்டுக்கிட்டே இருப்பான்." கிட்டே-ல அந்த ஏ-வை இழுக்குறோம் பாருங்க, எரிச்சல் பூரா அதுலதான் இருக்கு. இங்கிலீஷ்காரன் அதே எரிச்சலை இங்ல வைக்கிறான்.

ஏப்ரல் 30, ராத்திரி 11.20

தெரு பூரா தூங்கல, நாளைக்கு விடிஞ்சா அழகர் ஆத்துல எறங்குறாரு. எழுதிட்டுப் பாத்தேன், இந்த இழைக்கு இதை விட வேற உதாரணம் வேணுமா?

"அழகர் ஆத்துல எறங்குறாரு." ஊருக்கு புதுசா வந்தவங்க சித்ரா பௌர்ணமிக்கு என்ன விசேஷம்னு கேட்டா இதைத்தான் சொல்றோம், "என்டர்ஸ்". நாளைக்கு என்னன்னு கேட்டா இதேதான், அங்க திருவிழா அட்டவணை போட்டாச்சு, ட்ரெயின் டைம் டேபிள் மாதிரி, "என்டர்ஸ் டுமாரோ"ன்னே சொல்லலாம். நாளைக்கு கரைல நின்னு ஃபோன்ல அத்தைக்கு சொல்றப்ப, குதிரை தண்ணிக்குள்ள கால் வைக்குது, பீச்சாங்குழல்ல தண்ணி பீச்சுறாங்க, பக்கத்துல பேசுறது காதுல விழல, அப்பவும் "அழகர் ஆத்துல எறங்குறாரு", அங்க "இஸ் என்டரிங்". மறுநாள் பேப்பர்ல இங்கிலீஷ் தலைப்பு மறுபடி "என்டர்ஸ்". தமிழ்ல ஒரே வாக்கியம். நாலு நேரம், எங்க நின்னு சொல்றோம்ங்கிறது மட்டும்தான் மாறுது.

ஆத்துக்கும் அப்படி ஒன்னு உண்டு. "த வைகை ஃப்ளோஸ் த்ரூ மதுரை", பாடப் புத்தகத்துல இருக்கு, தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் அந்த வாக்கியம் உண்மை. "த வைகை இஸ் ஃப்ளோயிங்"னா செய்தி. அணை தெறந்திருக்காங்க, ஏ.வி. பாலத்துல வண்டியை நிறுத்தி எட்டிப் பாக்குறாங்க. என் சின்ன வயசுல இருந்து நான் மனப்பாடமா சொன்னது முதல் வாக்கியம், ரெண்டாவதை வருஷத்துல எத்தனை நாள் சொல்ல முடிஞ்சதுன்னு நினைச்சா தொண்டை அடைக்குது. நாளைக்கு சொல்லலாம், திருவிழாவுக்கு தண்ணி விட்டிருக்காங்க.

மே 1, காலை 9.40

கூட்டத்துல கிளாஸ் பிள்ளை ஒன்னு அப்பா தோள்ல உக்காந்து கத்துச்சு, "மிஸ், பச்சைப் பட்டு கட்டியிருக்காரு!" இங்கிலீஷ்ல சொல்லுன்னு நான் கேக்கல. பச்சைன்னா செழிப்புன்னு பெரியவங்க சொல்லுவாங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. கீழ எறங்குனதும் அதுவாவே என் முந்தானையைப் பிடிச்சு "ஹி இஸ் வேரிங் கிரீன்"ன்னுச்சு.

மே 4, ராத்திரி 10.10

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு. ரெசுமே பாத்தேன். "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்"னு மாத்திட்டீங்க, நல்லது. கீழ "ஐ ஆம் ஹேண்ட்லிங் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ்"னு இருக்கு. இப்ப போற வேலைல அது உங்க நிரந்தரப் பொறுப்புன்னா "ஐ ஹேண்டில்". லீவ்ல போனவருக்கு பதிலா ரெண்டு மாசம் பாக்குறீங்கன்னா இங் இருக்கட்டும், அது உங்களுக்குத்தான் தெரியும். கடைசி வரில "ஐ ஆம் பிலாங்கிங் டு மதுரை"ன்னு போட்டிருக்கீங்க, அதை எடுத்துருங்க. "எனக்கு சொந்த ஊரு மதுரை", எனக்கு வந்துருச்சு, இங் போச்சு. "ஐ பிலாங்"கும் வேண்டாம், "ஐ ஆம் ஃப்ரம் மதுரை"ன்னு எழுதுங்க, போதும். வியாழக்கிழமை இன்டர்வியூக்கு முன்னாடி நேரம் இருந்தா சாயங்காலம் செல்லூர் பக்கம் வாங்க, உக்காந்து பேசிப் பாத்துருவோம்.